பழைய ஃபோர் பை ஃபோர் வாங்கப் போகிறீர்களா? கடலூர், பாண்டிப் பக்கம் பார்க்க வேண்டியவை

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப், மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார் என்று தேட ஆரம்பித்தால் வண்டிக்குப் பஞ்சமில்லை. நல்ல வண்டியாகக் கிடைப்பதும், கிடைத்த வண்டி நம் பெயருக்கு வந்து சேர்வதும்தான் பெரும்பாடு. பாண்டி நம்பர் போட்ட பழைய தார் ஒன்றை வாங்கிக் கடலூரில் என் பெயருக்கு மாற்றினேன். வண்டி தேடி அலைந்ததைவிட அதன் பேப்பருக்காக அலைந்ததுதான் அதிகம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் அந்த அலைச்சலில் பாதியையாவது மிச்சப்படுத்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் இஞ்சினை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள். இஞ்சின் வேலை காசைக் கொடுத்தால் முடிந்துவிடும். உப்புக்காற்றில் அரித்துப்போன சேசிஸையும், அடையாத கடனையும் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அதனால் அடிப்பாகமும் பேப்பரும் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

1. அது உண்மையிலேயே ஃபோர் பை ஃபோரா என்று பாருங்கள்

தார் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்கார்ப்பியோ, பொலேரோ இரண்டிலும் பெரும்பாலானவை டூ வீல் டிரைவ்தான்; தார் ராக்ஸிலும் இரண்டு வகையும் உண்டு. பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஃபோர் பை ஃபோர்’ ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிற சமாச்சாரம். ஆர்.சி.யில் மாடல் பெயரைப் படியுங்கள். உள்ளே இரண்டாவது லிவர் இருக்கிறதா பாருங்கள். குனிந்து முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் உருண்டையும், அதற்குப் போகும் சாஃப்டும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சிலர் கழன்ற சாஃப்டை மாட்டாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தினசரி ஈ.சி.ஆரில் குடும்பத்தோடு போவதற்கென்றால் 2020 அக்டோபரில் வந்த புதிய தாருக்குப் பிறகான வண்டி நல்லது, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கும். ஜிப்சி எடை குறைவு, மணலில் அழகாகப் போகும். ஆனால் உள்ளே வசதி என்று எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எம்.எம். 540, சி.ஜே. மாதிரி பழைய ஜீப்புகள் ஆசைக்கு வாங்குபவை. வாங்கினால் வாரம் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதி வைத்துவிட வேண்டியதுதான்.

2. போய்ப் பார்ப்பதற்கு முன் நம்பரைப் போட்டுப் பாருங்கள்

விற்பவரிடம் ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ், எரிபொருள், எத்தனையாவது ஓனர், கடன் பதிவு எல்லாம் வந்துவிடும். ஈ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது பாக்கி இருந்தால் பின்னால் ஆர்.டி.ஓ. வேலை நின்றுபோகும்.

இதில் மூன்றைத் தனியாகக் கவனியுங்கள். ஒன்று, எரிபொருள். பழைய ஜீப்புகளில் இஞ்சினையே மாற்றிப் போட்டிருப்பார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் பானட்டுக்குள் டீசல் இஞ்சினும் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வயது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டினால் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. ஆக, 14 வருட வண்டியை ‘எஃப்.சி. இருக்கிறது’ என்று விற்றால், அடுத்த வருடச் செலவு உங்கள் தலையில் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். மூன்றாவது, டெல்லி நம்பர். அங்கே 10 ஆண்டு ஆன டீசல் வண்டிகளுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாட்டால் பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் ஓனர் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பார். என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) கையில் இல்லாமல் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

3. அடியில் படுத்துப் பாருங்கள்

இதற்கு ஒரு பழைய சட்டை, டார்ச், கொஞ்சம் கனமான ஸ்க்ரூ டிரைவர் போதும். ‘வாட்டர் வாஷ் பண்ணி வைக்கிறேன், வாங்க’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுவாத அடிப்பாகம்தான் உண்மையைச் சொல்லும். புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து வாசனை வந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நின்ற வண்டி என்றால் காற்றே போதும், துரு பிடிக்க. அதிலும் சிலர் போட்டோவுக்காக அலைக்குள் ஓட்டியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் சேசிஸின் பெட்டி மாதிரியான இரும்புக்குள் புகுந்து, மணலோடு தேங்கி, உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். நான் பார்த்த ஒரு வண்டியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சேசிஸ் ஓட்டைக்குள் விரலை விட்டேன். ஈர மணல் விரலோடு வந்தது, கூடவே சருகு சருகாகத் துரு. அந்த வண்டி ஷெட்டுக்குள் மட்டுமே நின்றதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், உரிந்தால் விட்டுவிடலாம். பின்பட்டை மாட்டியிருக்கும் ஷேக்கிள் பிராக்கெட், பாடி மவுண்ட் ரப்பர் உட்காரும் இடம், குறுக்குச் சட்டங்கள், பெட்ரோல் டேங்குக்கு மேல்புறம் ஆகிய இடங்களில்தான் முதலில் போகும். வெல்டிங் தழும்பு எங்கே இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்துக்கு அருகில் வெல்டிங்கோ, கிரைண்டிங் கோடோ இருந்தால் கேள்வியே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். துருவில் நம்பர் படிக்க முடியாமல் போயிருந்தால் ஆர்.டி.ஓ. ஆய்வில் அதுவே பெரிய தலைவலி.

என்னைக் கேட்டால், இதே மாடல் சேலம், தருமபுரி, கோவைப் பக்கம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கலாம். அடிப்பாகம் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடலூர்க்காரர்களுக்கு அது தமிழ்நாட்டு வண்டியே என்பதால் ஆயுள் வரியும் மறுபடி கிடையாது.

4. வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் பக்கத்தில் இதைத் தனித் தலைப்பாகவே பார்க்க வேண்டும். 2015-இல் கடலூர் மிதந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூரைச் சுற்றிய ஊர்களுக்குள் வந்தது. அப்போது மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வராமல் இருக்குமா?

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறையோ கோடோ இருந்தால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. தரை விரிப்பை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டை மாற்ற மாட்டார்கள். சீட்டுக்கு அடியிலுள்ள ரெயில், போல்ட் துரு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சை படிந்திருப்பது, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய ஜிப்சியோ ஜீப்போ நனைந்தால் சரிசெய்துவிடலாம். புதிய தாரில் மின்னணுப் பெட்டிகள் அதிகம். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் படுத்தும். இன்சூரன்ஸ் பாலிசி நகல் வாங்கி, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) திடீரென்று எந்த வருடம் பூஜ்யமானது என்று பாருங்கள். அது 2024 இறுதியை ஒட்டி இருந்தால் என்ன கிளெய்ம் என்று கேட்காமல் விடாதீர்கள்.

5. நாலு சக்கரமும் இழுக்கிறதா?

தார் போட்ட ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பிப் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் சாஃப்ட் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வழுக்காத தரையில் திருப்பினால் முறுக்கேறி, நன்றாக இருக்கும் பாகமும் போய்விடும். பண்ருட்டி முந்திரித் தோப்புப் பாதையோ, வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணோ, புழுதி இருக்கிற ஏதாவது இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் 4 ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல். லிவர் மரத்துப்போய் நகராமல் இருந்தால் வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு நண்பரை வெளியே நிறுத்தி, தளர்ந்த மண்ணில் மெதுவாக எடுத்து, முன்சக்கரமும் மண்ணைத் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை அழுத்தி 4 லோ, அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கானது. முதல் கியரில் காலை எடுத்தாலும் வண்டி நடை வேகத்தில் தானாக ஊர்ந்து போக வேண்டும். லோவிலிருந்து தானாக நழுவி வெளியே வந்தால் முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கும் செலவு காத்திருக்கிறது. முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்ட, கையால் திருகும் ஹப் லாக் உள்ள ஜிப்சியில் இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். கடற்கரை வண்டியில் இது இறுகிக் கிடப்பது சகஜம். ஜிப்சியின் முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைச் சுற்றி கிரீஸும் எண்ணெயும் கசிகிறதா என்றும் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சோதனை. டிஃபரன்ஷியல் நிரப்பும் பிளக்கைத் திறந்து எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன், பின், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும். எண்ணெய் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டி ஆழமான தண்ணீரில் நின்றிருக்கிறது, எண்ணெயும் மாற்றவில்லை. அப்படியே ஓடியிருந்தால் பேரிங்கும் கிரவுனும் தேய்ந்திருக்கும். ஓட்டும்போது 50, 60-இல் ஒரு ஊளைச் சத்தம் வரும், ஆக்சிலேட்டரை விட்டதும் மாறும்.

டயர் ஐந்தும் ஒரே அளவா, ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கிறதா? பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2219 என்றால் 2019-ஆம் வருடம் 22-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட டயரை விலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

6. இஞ்சினும் சாலை ஓட்டமும்

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வைத்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை பிஸ்டன் பக்கமிருந்து புஸ்புஸ்ஸென்று அடிக்கக் கூடாது. காமன் ரெயில் டீசல் என்றால் இஞ்சின் கோளாறைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பட்டை சஸ்பென்ஷன் உள்ள ஜீப், ஜிப்சியில் 60, 70 வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் உதறினால் கிங் பின், புஷ், டை ராடு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. விலையில் பேசிக்கொள்ளலாம், பயப்பட வேண்டியதில்லை.

7. அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர், வின்ச், வரிசையாக லைட். இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவழித்தேன் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுக்கு 2017 முதலே தடை. ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது இவற்றைக் கழற்றி, பழைய பம்பரும் டயரும் போட்டாக வேண்டியிருக்கும். அந்த ஒரிஜினல் பாகங்கள் விற்பவரிடம் இருக்கின்றனவா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அதன் விலையைக் கழியுங்கள். நிறம் மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும் மாறியிருக்க வேண்டும்.

8. பேப்பர்: இதில்தான் மாதங்கள் போகும்

எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆட்சிப்பகுதி. பாண்டி நம்பரான பி.ஒய். 01, பி.ஒய். 05 வண்டிகள் கடலூரில் சர்வசாதாரணமாக ஓடுவதால் இது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடலூரில் குடியிருப்பவர் பாண்டி வண்டி வாங்கினால் தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கட்டி, டி.என். 31 நம்பர் வாங்க வேண்டும். வரி வண்டியின் அன்றைய விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். இதுதான் மொத்தச் செலவில் பெரிய உருப்படி. விலை பேசுவதற்கு முன்பே ஆர்.சி. நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். பாண்டியில் வண்டி மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நம்பர் மாற்ற 12 மாத அவகாசம் இருக்கிறது என்று புரோக்கர் சொல்வார். அது பதிவு எண்ணுக்கான அவகாசம். வரிக்கும் அதே அவகாசம் என்று நினைத்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் வழியில் நிறுத்திக் கேட்பார்கள்.

வரிசை இப்படி:

முதலில் கடன். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (கடனுக்கு அடமானப் பதிவு) இருந்தால் ‘எப்பவோ கட்டி முடிச்சாச்சு’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். பொதுவாக இந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள். என் வண்டிக்குக் கடன் வருடங்களுக்கு முன்பே அடைந்திருந்தும், அந்த நிதி நிறுவனத்திடம் கடிதம் வாங்கத்தான் அதிக நாள் பிடித்தது. கிளை மூடி, கோப்பு வேறு ஊருக்குப் போயிருந்தது. இதை விற்பவர்தான் முடித்துத் தர வேண்டும், நீங்கள் அல்ல.

அடுத்து பாண்டி போக்குவரத்துத் துறையின் என்.ஓ.சி., படிவம் 28. சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். வரி, அபராதம் பாக்கி இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். வண்டி மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரப்பிலும் சரிபார்ப்பு நடக்கும்.

பிறகு கடலூரில் படிவம் 27 புதிய நம்பருக்கு, 29-உம் 30-உம் பெயர் மாற்றத்துக்கு. கூடவே அசல் ஆர்.சி., என்.ஓ.சி., உங்கள் முகவரிச் சான்று, பான் கார்டு, வரி கட்டிய ரசீது. வண்டியை ஆய்வாளரிடம் நேரில் காட்ட வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றவருக்கு 45 நாள்.

பெரிய பொறி எது தெரியுமா? ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. பதிவில் உள்ள ஓனரின் மொபைலுக்குத்தான் போகும். பாண்டியில் வரி குறைவு என்பதற்காக வாடகை முகவரி கொடுத்துப் பதிவு செய்தவர்கள் பலர். அந்த நபர் இன்று எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. வண்டி இரண்டு கை மாறி, கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு ‘ஓப்பன் பேப்பர்’ என்று உங்களிடம் வரும். விலை குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்த்து, ஆதாரோடு ஒப்பிட்டு, அவர் போனுக்கு ஓ.டி.பி. வருகிறதா என்று உறுதி செய்த பிறகே அட்வான்ஸ். ஓனர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்றிய பிறகு வாங்குங்கள். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடையில் வாங்கினால், அங்கீகாரம் பெற்ற டீலர்தானா என்று படிவம் 29பி சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

9. பணம் கொடுக்கும் முறை

அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும், அதையும் வங்கி வழியாக. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. தவிர நாளைக்கு உங்களிடம் ஆதாரமும் இருக்காது. ஒப்பந்தத்தில் வண்டி கைமாறும் தேதியோடு மணி நேரத்தையும் எழுதுங்கள். அதுவரையிலான வழக்கு, அபராதம் அவர் பொறுப்பு. என்.ஓ.சி. கைக்கு வரும்வரை ஒரு நல்ல தொகையை நிறுத்திவையுங்கள். முழுப்பணமும் போய்விட்டால் போனை எடுக்க மாட்டார்கள். மாநிலம் மாறும் வண்டிக்கு எல்லாம் சுமுகமாகப் போனாலும் இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். கடன் கடிதம் பாக்கி என்றால் இன்னும் கூடும்.

10. வாங்கிய முதல் இரண்டு வாரம்

சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். பாலிசியே முடிந்திருந்தால், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் வருடத்துக்கு 1500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய், ஜிப்சி மாதிரி 1000-லிருந்து 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

விற்றவர் என்ன சொன்னாலும் இஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என எல்லா எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். அது அடைத்தால்தான் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். சேசிஸின் உள்பக்கத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துரு தடுக்கும் மெழுகு அடித்துவிடுங்கள். வெளியே மட்டும் அடிக்கும் கறுப்புக் கோட்டிங் போதாது.

பழைய ஓனரின் ஃபாஸ்டாகைக் கிழித்துப் போட்டால் மட்டும் போதாது. அவரைத் தன் வங்கியில் கணக்கை மூடச் சொல்லுங்கள். அது மூடும்வரை அதே நம்பருக்குப் புதிய ஃபாஸ்டாக் எடுக்க முடியாது. கடலூர் நம்பர் வந்ததும் ஃபாஸ்டாக், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றிலும் புதிய எண்ணை ஏற்றி, புதிய பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.